ஆமணக்கெண்ணெயை எஞ்சின் ஒயிலாக ஊற்றி 38 மணித்தியாலம் ஓட்டினேன், ரிங் ஒட்டிவிட்டது. எங்கே பிழை?

ஆமர்வீதி கராஜ்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

கொழும்பு ஆமர் வீதிக்குப் பின்பக்க ஒழுங்கை ஒன்றில் ஓட்டோ கராஜ் வைத்திருக்கிறேன். நானும் ஒரு பொடியனும்தான் வேலை. ஒரு நாளைக்கு நாலைந்து ஓட்டோவுக்கு ஒயில் மாற்றுவோம். கழற்றுகிற கறுப்பு ஒயிலைப் பரலில் ஊற்றி வைப்பேன். மாதத்துக்கு ஒருமுறை வந்து எடுத்துப் போக ஆள் இருக்கிறது. ஆனால் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. ஒரு மழை பெய்தால் போதும், கானில் ஓடுகிற தண்ணீர் முழுக்க மயிற்பீலி நிறம் காட்டும். அந்தக் கான் கால்வாயில் விழுந்து, கால்வாய் களனி ஆற்றில் விழுந்து, ஆறு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. என் இரண்டாவது மகள் அதைப் பார்த்து "அப்பா, இது உங்கட ஒயிலா?" என்று கேட்டாள். இல்லை என்றுதான் சொன்னேன். ஆனாலும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

இன்னொரு பக்கம் 2022. டொலர் இல்லாமல் போன அந்த வருடம் ஒயில் விலை ஏறிக்கொண்டே போனது. பஞ்சிகாவத்தையில் ஒரு கலன் தேடி நாள் முழுக்க அலைந்திருக்கிறேன். நாட்டில் இவ்வளவு தென்னை நிற்கிறது, ஆமணக்கு வேலியோரம் தானாக முளைக்கிறது, எஞ்சினுக்கு ஒரு லீட்டர் ஒயில் வேண்டுமென்றால் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோமே என்ற எண்ணம் அப்போதுதான் பிடித்தது.

அம்மப்பா மாட்டு வண்டில் வைத்திருந்தவர். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குப் பூசுவார். வண்டி மை என்றும் மசகு என்றும் சொல்வார்கள். இப்போது பத்திரிகைகளில் கப்பலில் வருகிற கச்சா எண்ணெயைத்தான் மசகு எண்ணெய் என்று எழுதுகிறார்கள். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மப்பாவின் கரிச்சட்டிதான் ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் விட்டுப் போன பழைய பெற்றோல் தண்ணீர்ப் பம்ப் ஒன்றை எடுத்தேன். ஒரு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். எஞ்சினைக் கழுவிச் சுத்தம் செய்து, புது ரிங் போட்டு, புறக்கோட்டையில் வாங்கிய ஆமணக்கெண்ணெயை மட்டும் ஊற்றினேன். வேறு எதுவும் கலக்கவில்லை. பின்னேரங்களில் ஓட்டி, மணிக்கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன்.

முதல் பத்து மணித்தியாலம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சத்தம் குறைந்தது. பொடியன்கூட "பாஸ், இது வேற பம்ப் மாதிரி ஓடுது" என்றான். இருபது மணித்தியாலத்துக்குப் பிறகு ஒயில் தேன் நிறத்துக்கு மாறியது. டிப்ஸ்டிக்கில் இருந்து சொட்டாமல் நூல் மாதிரி இழுத்தது. காலையில் கயிறு இழுக்கத் தோள் நோகும். 38இல் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம்) விழுந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தேன். பெயரிங் சுத்தம், கிராங் சுத்தம், சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பிஸ்டனின் மேல் ரிங், அதன் பள்ளத்துக்குள் பசை வைத்து ஒட்டினது போல இறுகி நின்றது. பிஸ்டன் பக்கம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு தோல். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன், அதற்கும் வரவில்லை. கடைசியில் ரிங்கை உடைத்துத்தான் எடுத்தேன்.

இடையில் ஒரு போத்தலில் ஆமணக்கெண்ணெயையும் சாதாரண 20டபிள்யூ50 ஒயிலையும் பாதிக்குப் பாதி ஊற்றிக் குலுக்கியும் வைத்தேன். காலையில் பார்த்தால் இரண்டு படையாக நிற்கிறது.

தேய்மானம் இல்லாமல் இவ்வளவு நன்றாக ஓடிய எண்ணெய் ஏன் ரிங்கை மட்டும் பிடித்தது? தேங்காயெண்ணெய் என்றால் இப்படி ஆகாதா? ஏதாவது மருந்து சேர்த்தால் சரிவருமா? அடுத்ததாக என் சொந்த ஓட்டோவில் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய லொறி மெக்கானிக்:

தம்பி, ஓட்டோவில் போடாதீர்கள். உங்கள் சொந்த ஓட்டோவாக இருந்தாலும் போடாதீர்கள்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற ஒரு வானை என்னிடம் கட்டி இழுத்து வந்தார்கள். ஒயில் லைட் எரிந்திருக்கிறது, ஒயில் வாங்கக் காசும் இல்லை, கடையிலும் இல்லை. ட்ரைவர் வீட்டிலிருந்த சமையல் எண்ணெயை ஊற்றி ஒரு மாதம் ஓடியிருக்கிறார். எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சம்பைக் கழற்றினால் கறுப்புக் களி, அகப்பையால் அள்ளினேன். ஒயில் பம்புக்குப் போகிற வலை முழுக்க அடைத்துவிட்டது. அப்புறம் ஒயில் மேலே ஏறவில்லை, கிராங் பெயரிங் போய்விட்டது. அந்த மனிதர் ஓடிப் பிழைக்கிறவர். எஞ்சின் செய்து முடிக்கிற வரைக்கும் வீட்டில் உலை வைக்கக் கஷ்டப்பட்டார்கள். நான் கூலியைக் குறைத்தேன், சாமான் விலையை என்னால் குறைக்க முடியவில்லை.

நீங்கள் பம்பில் செய்து பார்த்தது சரியான வேலை. கொப்பியில் எழுதினது அதைவிடச் சரி. பம்போடு நிறுத்துங்கள்.


வெள்ளவத்தை எண்ணெய்க்காரி:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். 22 வருடம் ஒரு ஆய்வுகூடத்தில் எஞ்சின் ஒயில் பரிசோதிப்பதுதான் என் வேலை. இப்போது ஓய்வு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏ.எல். இரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களுக்குக் கிடைத்த முடிவு தோல்வி இல்லை. ஆமணக்கெண்ணெயைப் பற்றி நூறு வருடமாகத் தெரிந்த உண்மையை நீங்கள் உங்கள் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

முதலில் ஏன் நன்றாக ஓடியது என்று பார்ப்போம். தாவர எண்ணெய் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் முனைவுத்தன்மை உண்டு. அது உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெற்றோலிய எண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு இல்லை, அதனால்தான் அதற்கு வெளியிலிருந்து தேய்மானத் தடுப்பு மருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆமணக்கில் இன்னும் ஒரு சிறப்பு: அதன் கொழுப்பமிலத்தில் கிட்டத்தட்ட 90 வீதம் ரிசினொலெயிக் அமிலம். அதில் கூடுதலாக ஒரு ஐதரொட்சில் கூட்டம் இருப்பதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, எண்ணெய் கனக்கிறது. 100 பாகை செல்சியசில் அதன் பாகுத்தன்மை, அதாவது கனம், 19, 20 சென்டிஸ்டோக்ஸ் (கனத்தை அளக்கிற அலகு) அளவில் நிற்கும். ஒயிலின் கனத்தைத் தரம் பிரிக்கிற எஸ்ஏஈ முறையில் அது 50 தர ஒயிலின் வரம்புக்குள் சரியாக விழுகிறது. பெயரிங் சுத்தமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

இனி ரிங் ஏன் ஒட்டியது? உங்கள் பக்கத்தில் வடைக்கடை இருந்தால் தாச்சியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் நாள் முழுக்கக் கொதித்தும் தாச்சி பளபளக்கிறது. வெளிப்பக்கத்தில், விளிம்புக்குக் கீழே, எண்ணெய் தெறித்து வழிந்த இடத்தில்தான் அந்தப் பழுப்புத் தோல் இருக்கும். இரும்புத் தகட்டால் சுரண்டினாலும் போகாது. மெல்லிய படலம், சூடு, காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் எண்ணெயின் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்தில் ஒட்சிசன் ஏறி, ஒரு மூலக்கூறு அடுத்ததோடு கைகோத்து, வலைபோலப் பின்னிவிடும். அதற்குப் பிறகு அது எண்ணெய் இல்லை, வார்னிஷ். எஞ்சினில் அந்தத் தாச்சி விளிம்புக்குச் சமமான இடம் மேல் ரிங் பள்ளம். சம்பில் ஒயில் 100 பாகைக்கு அங்குமிங்குமாகத்தான் இருக்கும், ரிங் பள்ளத்தில் 200ஐத் தாண்டும். உங்கள் பிஸ்டனில் நீங்கள் சுரண்டினதும் வடைக்கடைத் தாச்சியின் வெளித்தோலும் ஒரே பொருள்தான்.

இன்னொரு பலவீனமும் உண்டு, அது எல்லாத் தாவர எண்ணெய்க்கும் பொது. மூன்று கொழுப்பமிலங்களைக் கட்டி வைத்திருக்கிற கிளிசரோலின் நடுக் காபனில் ஒரு ஐதரசன் இருக்கிறது. அதிக சூட்டில் மூலக்கூறு உடைய ஆரம்பிப்பது அந்த ஐதரசனால்தான். ஒட்சியேற்றத்தைத் தடுக்கிற மருந்து எவ்வளவு போட்டாலும் அந்த உடைவை அது தடுக்காது. மருந்து பற்றி நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் இது.

முதல் உலகப் போர் விமானங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோம், லெ ரோன் என்ற சுழல் எஞ்சின்கள், சிலிண்டர்கள் எல்லாமே கிராங்கைச் சுற்றிச் சுழலும். அவற்றுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அந்த எஞ்சினில் பெற்றோலும் காற்றும் கிராங் பெட்டி வழியாகப் போகும். கனிம எண்ணெய் என்றால் பெற்றோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும், ஆமணக்கு அவ்வளவு லேசில் கரையாது. ஆனால் அதில் முக்கியமான விஷயம் வேறு: ஊற்றின எண்ணெய் ஒருமுறை உள்ளே போய், வேலை செய்து, புகையோடு வெளியே போய்விடும். திரும்பி வராது. ஆமணக்கு அங்கே பிசினாகாமல் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம், அது கிழடாவதற்கு நேரமே கொடுக்கப்படவில்லை. காஸ்ட்ரோல் என்ற பெயர்கூட 1909இல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்ததுதான். பந்தயக் கார்களில் அந்த ஆமணக்கு ஒயிலை ஊற்றி ஓடியவர்கள் எஞ்சினை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்வார்கள். நீங்கள் ஓட்டோவில் அப்படிச் செய்ய முடியாது.

தேங்காயெண்ணெய்க்கு வருகிறேன். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தேங்காயெண்ணெய் லேசில் பிசினாகாது. அதில் 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு, ஒட்சிசன் பிடிக்க இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு. ஆனால் அது மெல்லிசு. 100 பாகையில் 6 சென்டிஸ்டோக்சை ஒட்டித்தான் இருக்கும். எஸ்ஏஈ 20 தரமே 6.9இல்தான் தொடங்குகிறது. உங்கள் ஓட்டோவுக்கு 20டபிள்யூ50 தேவை. சூட்டில் அதன் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட இதற்குக் கிடையாது. பெயரிங்கில் படலம் நிற்காது. அதோடு 24 பாகைக்குக் கீழே உறையும். கொழும்பில் பரவாயில்லை, நுவரெலியாவுக்கு ஹயர் போனால் காலையில் சம்பில் மெழுகுதான் இருக்கும்.

ஆமணக்கையும் கனிம ஒயிலையும் கலந்தால் பிரிந்து நிற்பதைக் கண்டீர்களே, அது அப்படித்தான் இருக்கும். அடியில் நின்றது ஆமணக்கு, அதற்கு அடர்த்தி கூட. சாதாரண வெப்பத்தில் இரண்டும் சேராது. மண்ணெண்ணெயிலும் ஆமணக்கு லேசில் கரையாது. புதிய ஆமணக்கெண்ணெய் பட்ட சாமான்களை ஸ்பிரிட்டில் துடையுங்கள், கரையும். காய்ந்து வார்னிஷ் ஆன பிறகு ஸ்பிரிட்டுக்கும் அசையாது.

இன்னும் ஒன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. இங்கே ஓடுகிற நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோக்களில் கிளட்ச் தகடுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே நனைந்துகொண்டு இருக்கின்றன. அதற்காகத்தான் மோட்டார் சைக்கிள், ஓட்டோ ஒயில் கலனில் ஜாசோ எம்ஏ என்று, ஒயிலில் நனைகிற கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக் குறியைப் போட்டிருக்கும். தாவர எண்ணெயின் அந்த உலோகப் பிடிப்பு உராய்வை நன்றாகக் குறைக்கும். பெயரிங்குக்கு அது வரம், கிளட்சுக்குச் சாபம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடி நெரிசலில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளட்ச் வழுக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அப்படியென்றால் தாவரத்திலிருந்து எஞ்சின் ஒயில் வரவே முடியாதா? முடியும், ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றி இல்லை. மூலக்கூறையே மாற்ற வேண்டும். ஒரு வழி, கிளிசரோலைக் கழற்றிவிட்டு டிரைமெதிலோல்புரோபேன் என்ற வேறு அற்ககோலில் அதே கொழுப்பமிலங்களைக் கட்டுவது. அதில் அந்தப் பொல்லாத ஐதரசன் இல்லை. மலேசியாவில் பாம் ஒயிலில் இருந்து இப்படிச் செய்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இன்னொரு வழி, ஒலெயிக் அமிலம் 80 வீதத்துக்கு மேல் வருகிற மாதிரி வளர்த்தெடுத்த சூரியகாந்தி வகைகள்; பிசினாக்குகிற இலினொலெயிக் அமிலம் அதில் குறைவு. மூன்றாவது எஸ்டொலைட்: கொழுப்பமிலங்களை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோப்பது. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் பியோரியா ஆய்வுகூடத்தில் அதில் பல வருடம் வேலை செய்தார்கள், அதற்கு உங்கள் ஆமணக்கு அமிலமும் ஒரு மூலப்பொருள். முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் வெற்றிடப் பாத்திரம் வேண்டும், முதல் வழிக்குப் பெரும்பாலும் மெதனோலும் வேண்டும். மெதனோல் விஷம், பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. வெல்டிங் நடக்கிற கராஜில் அதைத் தொடவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

கடைசியாக, மகளுக்கு ஒரு பதில். புதிய தாவர எண்ணெய் மண்ணில் கெதியாக மக்கும், அது உண்மை. ஆனால் எஞ்சினுக்குள் ஓடிவிட்டு வந்த எண்ணெயில் தேய்ந்த உலோகம், கரி, எரிந்தும் எரியாத பெற்றோல் எல்லாம் இருக்கும். தாவரத்தில் செய்ததென்று அதைக் கானில் ஊற்ற முடியாது. உங்கள் பரல் எப்போதும் வேண்டும்.


முகத்துவாரம் போட்:

அக்கா சொன்ன அந்த விமானக் கதை எனக்கு நன்றாக விளங்கியது, ஏனென்றால் எங்கள் போட் எஞ்சினும் அதே மாதிரித்தான். இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போட் மோட்டார். ஒயிலை எரிபொருளோடு கலந்து ஊற்றுகிறோம், எரிந்து பின்பக்கத்தால் கடலுக்குள் போகிறது. எவ்வளவு ஒயில் என்று நீங்களே கணக்குப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் இத்தனை போட். விடியப்புறம் துறையில் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது பார்த்தால் தெரியும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி ஒதுங்கின நாளிலிருந்து, கடலுக்குள் நாங்கள் விடுவதையும் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

நானும் ஆமணக்கெண்ணெய் கலந்து பார்த்தேன். எங்கள் மோட்டார் மண்ணெண்ணெயில் ஓடுவது. இரவு கலந்து வைத்தேன், விடியக் கலனைச் சரித்தால் அடியில் எண்ணெய் தனியாக, பாணி மாதிரி. அப்படியே எஞ்சினைப் போட்டிருந்தால் நடுக்கடலில் வெறும் மண்ணெண்ணெயில் ஓடி இறுகியிருக்கும். நல்ல காலம் பார்த்தேன்.

இதற்கு வேறு வழி உண்டா அக்கா?


ஆமர்வீதி கராஜ்:

அக்கா, நன்றி என்ற சொல் போதாது. தாச்சியைப் பற்றி வாசித்ததும் நேராகத் தேநீர்க் கடைக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். அதே நிறம், நகத்துக்கு அதே பிடி.

லொறி அண்ணை, ஓட்டோவில் போடவில்லை. சத்தியமாக.

இரண்டு சந்தேகம். அம்மா சொல்கிறார், நல்லெண்ணெய் வருடக்கணக்கில் காறாமல் இருக்குமே, அது எஞ்சினில் மட்டும் ஏன் கெட வேண்டும் என்று. அடுத்தது, எங்கள் ஒழுங்கையில் ஒரு கோஷ்டி மரம் வெட்டப் போகிறது. செயின் சோவுக்கு அவர்கள் ஊற்றுவது என் பரலில் இருக்கிற கழிவு ஒயில். வந்து போத்தலில் வாங்கிப் போவார்கள், நானும் இலவசமாகக் கொடுத்துவந்தேன். அது ஓடும்போது முழுவதும் தெறித்து மரத்தூளோடு மண்ணுக்குத்தானே போகிறது? இப்போது யோசித்தால் கை நடுங்குகிறது. அங்கே ஆமணக்கை ஊற்றலாமா?


வெள்ளவத்தை எண்ணெய்க்காரி:

செயின் சோ! தம்பி, நீங்கள் மூன்று மாதமாகத் தேடின இடம் அதுதான். செயினில் ஊற்றுகிற எண்ணெய் ஒருமுறை ஓடித் தெறித்துப் போய்விடும். கிழடாக நேரமில்லை, 200 பாகைச் சூடும் இல்லை. ஐரோப்பாவில் காட்டு வேலைக்குத் தாவர எண்ணெய்ச் செயின் ஒயில் பல வருடமாகப் பாவனையில் இருக்கிறது, அங்கே பெரும்பாலும் கடுகு இனத்து ரேப் விதை எண்ணெய். மக்கும் என்று சொல்லி விற்க வேண்டுமானால் 28 நாள் பரிசோதனையில் 60 வீதத்துக்கு மேல் சிதைய வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். தாவர எண்ணெய்கள் அதைச் சுலபமாகத் தாண்டும்.

கழிவு ஒயிலைக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். மண்ணுக்கு மட்டும் இல்லை, வெட்டுகிறவரின் முகத்திலும் கையிலும் அதுதான் தெறிக்கிறது. அதிலிருக்கிற கரிச்சேர்வைகள் சிலவற்றுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை இருக்கிறது.

ஆமணக்கு செயினைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வழிந்து ஓடாது. ஆனால் ஒரு கிழமை பாவிக்காமல் வைத்தால் செயினும், அது சுற்றி ஓடுகிற நீளத் தகடான பாரும் பசையாகும். வேலை முடிந்ததும் பாரைக் கழற்றி ஸ்பிரிட் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஒயில் டாங்கியில் மிச்சம் விடக்கூடாது. மெசினின் சின்ன ஒயில் பம்புக்கு ஆமணக்குக் கனமாக இருக்கலாம், முதலில் பாருக்கு எண்ணெய் வருகிறதா என்று ஒரு வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் செயினைச் சுற்றவிட்டுப் பாருங்கள். கோடு விழ வேண்டும்.

நல்லெண்ணெய் பற்றி அம்மா சொன்னது சரி. எள்ளில் இயற்கையாகவே ஒட்சியேற்றத்தைத் தடுக்கிற பொருட்கள் இருக்கின்றன, சீசமோல் என்பது அதில் ஒன்று. குசினி அலுமாரியில் அது போதும். ஆனால் நல்லெண்ணெயில் 40 வீதத்துக்கு மேல் இலினொலெயிக் அமிலம். ரிங் பள்ளத்துச் சூட்டில் அந்தக் காவல்காரன் சீக்கிரம் தீர்ந்துபோவான், அதற்குப் பிறகு நல்லெண்ணெய் ஆமணக்கைவிட வேகமாகப் பிசினாகும்.

போட் தம்பி, ஆமணக்கு உங்களுக்குச் சரிவராது. பெற்றோலில் கலந்தாலே நிறுத்தி வைத்தால் பிரியும், மண்ணெண்ணெயில் சொல்லவே வேண்டாம். தேங்காயெண்ணெய் இரண்டிலும் கரையும். கேரளாவில் பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோக்களில் அதை ஊற்றி ஓடியவர்கள் உண்டு, கொச்சியில் அதை வைத்து ஆய்வும் செய்தார்கள். ஆனால் உங்கள் மோட்டார் நடுக்கடலில் நின்றால் அது உயிர் விஷயம். அதனால் கடலில் பரிசோதனை வேண்டாம். கரையில் பாவிக்காத பழைய மோட்டார் ஒன்று இருந்தால் பரல் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். கடலுக்குப் போகிற மோட்டாருக்கு, இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போட்டுக்கென்றே மக்கும் எசுத்தர் ஒயில் செய்கிறார்கள், கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கராஜ் தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன், நாங்கள் ஆய்வுகூடத்தில் செய்ததன் ஏழைத் தம்பி. நான்கு எவர்சில்வர் மூடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் கால் தேக்கரண்டி எண்ணெய், விரலால் தடவி மெல்லிய படலமாக்குங்கள்: ஆமணக்கு, தேங்காய், சூரியகாந்தி, உங்கள் 20டபிள்யூ50. சமைக்காத பழைய மின்சார அவன் ஒன்றில், வெளியில் வைத்து, 150 பாகையில் ஆறு மணித்தியாலம். பக்கத்தை விட்டு நகராதீர்கள், மணல் வாளி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறின பிறகு துணியால் துடைத்துப் பாருங்கள். அடுத்தது, வயர் ஒன்றின் தோலை உரித்து, செம்பை மணற்கடதாசியால் தேய்த்துப் பளபளக்கப் பண்ணி, ஒவ்வொரு எண்ணெயிலும் 100 பாகையில் மூன்று மணித்தியாலம் போட்டு வையுங்கள். செம்பு நிறம் மாறினால் எண்ணெயில் அமிலமோ கந்தகமோ, உலோகத்தை அரிக்கிற ஏதோ ஒன்று இருக்கலாம். அது பெயரிங்கைத் தின்னும். எழுதுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.


ஆமர்வீதி கராஜ்:

அக்கா, ஞாயிற்றுக்கிழமை கராஜைப் பூட்டிவிட்டு முற்றத்தில் செய்தேன். மகளும் கூட இருந்தாள், மணல் வாளிக்குக் காவல் அவள்தான்.

20டபிள்யூ50: துணிக்கு வந்துவிட்டது, மூடியில் லேசான நிழல் மட்டும். தேங்காயெண்ணெய்: அதுவும் துடைபட்டது, கொஞ்சம் மஞ்சள். ஆமணக்கு: துணி ஒட்டிக்கொண்டது, விரல் வைத்து எடுத்தால் நூல் இழுக்கிறது, பம்ப் டிப்ஸ்டிக்கில் கண்ட அதே நூல். சூரியகாந்திதான் பயமாக இருந்தது. மூடியைத் திருப்பினால் அசையவே இல்லை, மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டினது போல ஒரு தோல். கத்தி முனையில் சுருளாக உரிந்தது. லொறி அண்ணையின் வானுக்குள் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

செம்பு: ஒயிலில் போட்டது போட்டபடி ரோஸ் நிறம். ஆமணக்கில் போட்டது ஒரு முனையில் மயில்நீலம் படிந்திருக்கிறது. நான் வாங்கினது சுத்திகரிக்காத எண்ணெய், காரணம் அதுவாக இருக்கலாம்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு விஷயத்தைச் சொன்னேன். முதலில் "கழிவு ஒயில் சும்மா கிடைக்கிறதே" என்றார்கள். முதல் இரண்டு லீட்டர் நான் தருகிறேன் என்று ஆமணக்கைக் கொடுத்தேன். கடதாசியில் கோடு விழுந்தது, கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனால் விழுந்தது. நேற்று மட்டக்குளிப் பக்கம் ஒரு பலா மரம் வெட்டியிருக்கிறார்கள். மெசின் பிடிக்கிற பெடியன் பின்னேரம் வந்து, "சட்டை மணக்குதில்ல அண்ணை" என்று கையை நீட்டிக் காட்டினான். பாரைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் வைத்தானா என்று கேட்டேன், தலையைச் சொறிந்தான். நாளைக் காலை ஸ்பிரிட் போத்தலோடு அவனிடம் போகிறேன்.

சுத்திகரித்த ஆமணக்கு கொழும்பில் எங்கே வாங்கலாம் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.